அந்தப் பல்சக்கரம் எதைச் சுற்றுகிறது?

நீங்கள் கேட்டவை இரண்டு. பல்சக்கரங்களை அட்டையில் ஒட்ட எந்தப் பசை நல்லது, பித்தளை மாதிரி தெரிய எந்த கோல்டு பெயிண்ட் வாங்குவது. ஆனால் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "எல்லாம் ஒட்டி முடித்துப் பார்த்தால் பழைய இரும்புக் கடை மாதிரி இருக்கிறது." உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. நூல் ஆலையில் ஃபிட்டராக வேலை பார்த்து அடுத்த மாதம் ஓய்வு பெறும் அப்பாவுக்கு, ஸ்டீம்பங்க் பாணியில், அதாவது நீராவிக் காலத்து இயந்திரங்களைக் கற்பனை கலந்து காட்டும் பாணியில், ஒரு வாழ்த்து அட்டை. கையில் இருப்பவை பிளாஸ்டிக் சக்கரங்கள் ஒரு பாக்கெட், பழைய கைக்கடிகாரம் ஒன்று, தங்கநிற ஸ்ப்ரே ஒரு டப்பா. இவ்வளவு இருந்தும் ஒன்றோடொன்று சேரவில்லை. பசையை மாற்றினாலும் சேராது. அதனால் பசையைக் கடைசியில் பார்ப்போம்.

நான் வளர்ந்தது பைண்டிங் கடையில். பதினைந்து வருஷமாகக் கையால் வாழ்த்து அட்டைகள் செய்து விற்கிறேன். ஸ்டீம்பங்க் வகையில் நான் செய்த முதல் அட்டையில் பதினொரு சக்கரங்கள் இருந்தன. பெருமையாகத்தான் கடை முன்னால் வைத்தேன். லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதைச் சுத்த விட்டா ஒரு பல்லு மிஞ்சாதே" என்றார். மூன்று சக்கரங்களை முக்கோணமாக, ஒவ்வொன்றும் மற்ற இரண்டையும் தொடும்படி ஒட்டியிருந்தேன். பக்கத்துப் பக்கத்துச் சக்கரங்கள் எதிரெதிர்த் திசையில்தான் சுற்றும். முதலாவது வலப்பக்கம் சுற்றினால் இரண்டாவது இடப்பக்கம். மூன்றாவது எந்தப் பக்கம் போகும்? இரண்டில் ஒன்றோடு மோதித்தான் ஆக வேண்டும். மொத்தமும் இறுகிப்போகும். நமக்கு அது அலங்காரம். தொழில் தெரிந்த கண்ணுக்கு அது பிழை, சாப்பாட்டில் கல் மாதிரி. உங்கள் அப்பா ஃபிட்டர். அட்டையைக் கையில் வாங்கியதும் அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி, "இது எதைச் சுத்துதும்மா?" என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் இருக்கிற அட்டையைச் செய்யுங்கள். இந்தப் பதில் முழுக்க நான் சொல்லப்போவது அது ஒன்றைத்தான்.

இந்தப் பாணி எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் பார்த்தால் காரணம் புரியும். ஸ்டீம்பங்க் என்ற பெயர் 1987-இல், கே. டபிள்யூ. ஜீட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், பாதி வேடிக்கையாக வைத்தது. பெயர் புதிது, அது கனவு காணும் உலகம் பழையது. நீராவியால் எல்லாம் ஓடிய விக்டோரியா காலத்து இங்கிலாந்து அது. அந்தக் காலத்தில் இயந்திரத்தையும் அலங்காரத்தையும் பிரித்துப் பார்க்கவில்லை. லண்டனுக்கு அருகே கிராஸ்னெஸ் என்ற இடத்தில் 1865-இல் ஒரு நீரேற்று நிலையம் திறந்தார்கள். உள்ளே வார்ப்பிரும்புத் தூண்கள், பூவேலை செய்த தடுப்புகள், சிவப்பும் பச்சையுமாக வண்ணம். கோயில் மண்டபம் போல இருக்கும். அது இறைத்தது நகரத்துச் சாக்கடையை! ஆனால் அந்தப் பூவேலைக்கு நடுவிலும் நெம்புத்தண்டு நெம்புத்தண்டாகவும், உருளை உருளையாகவும் இருந்தன. வேலை செய்யும் பாகத்தின் மேல் அழகு ஏறியிருந்தது. நாம் இன்று செய்வது தலைகீழ். அழகுக்காகப் பாகத்தைக் கொண்டுவந்து ஒட்டுகிறோம்.

வாழ்த்து அட்டையும் அதே காலத்துப் பிள்ளைதான். 1843-இல் ஹென்றி கோல் என்பவர் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் படம் வரையச் சொல்லி ஆயிரம் கிறிஸ்துமஸ் அட்டைகளை அச்சிட்டு, ஒன்று ஒரு ஷில்லிங் என்று விற்றார். அச்சில் விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை அது. அதற்கு மூன்று வருஷம் முன்புதான் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் தபால் முறை வந்திருந்தது. அதைக் கொண்டுவர உழைத்தவர்களில் இதே கோலும் உண்டு. 1851-இல் லண்டனில் உலகத்து இயந்திரங்களையெல்லாம் கண்ணாடி மாளிகைக்குள் நிறுத்திக் காட்டிய மாபெரும் கண்காட்சியை நடத்தியவர்களிலும் அவர் ஒருவர். ஆக, வாழ்த்து அட்டையில் இயந்திரம் வருவது ஒட்டுப்போட்ட சங்கதி இல்லை.

இனி உங்கள் அட்டைக்கு வருவோம். பதினொரு சக்கரம் வேண்டாம், இரண்டு போதும். ஆனால் அந்த இரண்டும் நிஜமாகவே சுற்ற வேண்டும். நான் சொல்லும் அமைப்பு இது. அட்டையின் வலது ஓரத்தில் ஒரு பெரிய சக்கரத்தின் விளிம்பு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கட்டைவிரலால் தள்ளினால், அந்தச் சக்கரத்தின் மேல் வட்டமாக எழுதிய வருஷங்கள், அப்பா வேலைக்குச் சேர்ந்த வருஷம் முதல் இந்த வருஷம் வரை, முன்பக்கம் வெட்டிய சின்ன ஜன்னலில் ஒவ்வொன்றாக வந்து போகும். பெரிய சக்கரத்தோடு பல் கோத்த சின்னச் சக்கரத்தில் ஒரு கடிகார முள். பெரியது ஒரு சுற்றுச் சுற்றினால் முள் இரண்டு சுற்று. அவ்வளவுதான். "இது எதைச் சுத்துது?" என்றால் "உங்க சர்வீஸை" என்று சொல்லிவிடலாம்.

பிளாஸ்டிக் சக்கரங்களை ஒதுக்கிவிடுங்கள். அவற்றின் பற்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று பொருந்தாது. இரண்டு சக்கரங்கள் கோக்க வேண்டுமானால் பல்லுக்குப் பல் இடைவெளி இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அலங்காரத்துக்கு வார்த்தவர்கள் அதைப் பார்ப்பதில்லை. காகிதத்தில் ஒவ்வொரு பல்லாக வரைந்து வெட்டுவதும் வேண்டாம், கை நோகும், அளவும் தப்பும். எளிய வழி அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. மூன்று அடுக்கு அட்டையில் ஒரு பக்கத் தாளைக் கொஞ்சம் ஈரப்படுத்தி உரித்தெடுத்தால் உள்ளே இருக்கும் நெளி வெளியே தெரியும். காய்ந்த பிறகு அதை 5 மி.மீ. அகலப் பட்டையாக, நெளிகளுக்குக் குறுக்காக வெட்டுங்கள். ஒரே பெட்டியில் நெளிகளின் இடைவெளி ஒரே சீராக இருக்கும், அதனால் அவை தாமாகவே பொருந்தும் பற்கள். ஒரு பட்டையில் 12 நெளி, இன்னொன்றில் 24 நெளி என்று எண்ணி, நெளி வெளிப்பக்கம் பார்க்கும்படி வளையமாக ஒட்டுங்கள். வட்டத்தை முதலில் வெட்டிவிட்டுப் பட்டையைச் சுற்றினால் கடைசியில் அரைப் பல் மிஞ்சும். அதனால் வளையத்தை முதலில் செய்து, அதன் உள்வாய்க்கு ஏற்றபடி வட்டத்தை வெட்டிப் பொருத்துங்கள். சாதாரண அட்டைப்பெட்டி என்றால் சின்னது சுமார் 3 செ.மீ., பெரியது சுமார் 6 செ.மீ. விட்டத்தில் வரும்.

சுழலும் அச்சுக்கு ஊசியோ குண்டூசியோ வேண்டாம். தையல் கடையில் கிடைக்கும் டிச் பட்டன் போதும். ஒரு பாதியை அடித்தாளில் தைத்துவிட்டு, மறுபாதியைச் சக்கரத்தின் நடுவில் பதியுங்கள். அழுத்தினால் மாட்டிக்கொள்ளும், மாட்டிய பிறகும் தாராளமாகச் சுற்றும், பழுதானால் கழற்றலாம். பட்டனைத் தைப்பதற்கு முன் இரண்டு சக்கரங்களையும் தாளில் வைத்துப் பல் கோத்துச் சுற்றிப் பாருங்கள். பிறகு ஒரு மயிரிழை தள்ளி வைத்துப் பென்சிலால் நடுவைக் குறியுங்கள். இறுக்கமாக வைத்தால் நெளி நசுங்கும். தளர்வு கொஞ்சம் கூடினால் குடி முழுகாது. இந்தத் தளர்வை உங்கள் அப்பாவிடம் கேட்டால் அரை மணி நேரம் சொல்லுவார், ஆனால் ரகசியம் வெளியே வந்துவிடும்.

சக்கரங்களின் உயரத்துக்கு இடம் வேண்டுமல்லவா? அதே அட்டைப்பெட்டியின் துண்டுகளை இரண்டு அடுக்காக ஒட்டி ஓரத்தைச் சுற்றிலும் சட்டம் கட்டுங்கள். பெரிய சக்கரம் வெளியே நீட்டும் இடத்தில் மட்டும் வாசல் விடுங்கள். இந்தப் பெட்டிபோன்ற பகுதி மடித்த அட்டையின் முன்பக்கத்தில் உட்காரும். எழுத உள்பக்கம் காலியாக இருக்கும்.

தாள் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) வாட்டர்கலர் தாள் வாங்குங்கள். ஏ4 தாளை நடுவில் மடித்தால் ஏ5 அளவு அட்டை, இந்த வேலைக்குச் சரியான அளவு. சார்ட் பேப்பர் ஈரம் பட்டால் தோல் உரியும். தாளுக்கு இழை ஓட்டம் என்று ஒன்று உண்டு. நீளவாட்டிலும் அகலவாட்டிலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, இழை அந்த மடிப்புக்கு இணையாக ஓடுகிறது. மடிப்பு அந்த வாட்டத்தில் விழுந்தால் சுத்தமாக இருக்கும், குறுக்கே விழுந்தால் முதுகு வெடிக்கும். மடிப்பதற்கு முன் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்தி இழுங்கள். ஒவ்வொரு கல்யாணப் பத்திரிகை சீசனிலும் என் அப்பா என்னைத் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்தது இது.

பழைய தாளின் நிறத்துக்கு டீ. டஸ்ட் டீ நான்கு ஸ்பூன், ஒரு டம்ளர் தண்ணீர், நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டுப் பிரஷ்ஷால் பூசுங்கள். பாலும் சர்க்கரையும் கூடாது, எறும்பு வாழ்த்துச் சொல்ல வந்துவிடும். அரை ஈரத்தில் பின்பக்கம் துணி போட்டு இஸ்திரி போட்டால் நெளியாமல் காயும். இந்த நிறம் எத்தனை வருஷம் நிற்கும் என்றால், என்னிடம் எட்டு வருஷத்து அட்டை ஒன்று இருக்கிறது, வெயில் படாத டிராயரில் அப்படியே இருக்கிறது. அதற்கு மேல் நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் ஒன்று நிச்சயம்: டீ பூசிய தாளில் இரும்பு படக்கூடாது. டீயில் இருக்கும் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பாகும். கடுக்காயையும் இரும்புத் துருவையும் சேர்த்துக் கறுப்பு மையும் சாயமும் எடுத்தவர்கள் நாம். அதே வேதியியல் இங்கே வேண்டாத இடத்தில் நடக்கும். கடற்கரை ஊர்களில் ஒரு மழைக்காலம் போதும், ஒவ்வொரு குண்டூசியைச் சுற்றியும் ஒரு கரும்பொட்டு. ஓரத்தை மெழுகுவர்த்தியில் கருக்கும் பழக்கமும் பலருக்கு உண்டு. எனக்கு அது பிடிக்காது. நாடகத்துக் கடிதம் மாதிரி ஆகிவிடும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும்.

இப்போது அந்த கோல்டு ஸ்ப்ரே. உங்கள் அட்டை பார்க்க மலிவாகத் தெரிய முக்கால்வாசிக் காரணம் அதுதான். உழைத்த பித்தளை எங்குமே ஒரே சீராக மின்னாது. வீட்டில் பழைய குத்துவிளக்கு இருந்தால் எடுத்துப் பாருங்கள். கை படும் இடமும் மேடான இடமும் பளபளக்கும், பள்ளத்தில் கறுப்பு தங்கியிருக்கும். அதையே வண்ணத்தில் செய்ய வேண்டும். முதலில் எல்லாவற்றுக்கும் கறுப்பு அக்ரிலிக் பெயிண்ட். காய்ந்ததும் ஆங்காங்கே அடர்பழுப்பு. கடைசியில் பிரஷ்ஷில் பித்தளை நிறத்தைத் தொட்டு, பழைய துணியில் கிட்டத்தட்ட முழுவதும் துடைத்துவிட்டு, மேடுகள் மேல் மட்டும் உரசுங்கள். இதே வரிசையில் செய்தால் அட்டைப்பெட்டி நெளி வார்ப்பிரும்புப் பல்லாகிவிடும். ஸ்ப்ரேயை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

தகடு வேண்டுமென்றால் ஹோட்டலில் சாப்பாடு கட்டித் தரும் அலுமினிய டப்பா நல்லது. சமையலறைச் சுருள் தாள் மிக மெல்லிசு, கிழியும். மடித்த துணிமேல் வைத்துப் பின்பக்கத்திலிருந்து தீர்ந்த பேனாவால் அழுத்தினால் முன்பக்கம் புடைத்து வரும். கறுப்பு பூசித் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் நிற்கும். அதன்மேல் கண்ணாடி ஓவியத்துக்கு விற்கும் மஞ்சள் நிறத்தில் ஒரு துளி பழுப்பு கலந்து மெல்லிசாகப் பூசுங்கள். அடியில் இருக்கும் அலுமினியம் ஊடுருவித் தெரிந்து பித்தளையாகும். மஞ்சளுக்குப் பதில் ஆரஞ்சு என்றால் செம்பு. தகட்டில் ரிவெட் புள்ளிகள் வைக்க ஆசை வரும், வையுங்கள். ஆனால் கண்ட இடத்தில் தெளிக்காதீர்கள். வெல்டிங் வருவதற்கு முன் பாய்லர் தகடுகளை ரிவெட் அடித்துத்தான் சேர்த்தார்கள், அதனால் ரிவெட் எப்போதும் இரண்டு தகடு சேரும் ஓரத்தில், சம இடைவெளியில், வரிசையாகத்தான் இருக்கும். பேனாவால் ஸ்கேல் வைத்து 8 மி.மீ.க்கு ஒன்று அழுத்தினால் போதும்.

பச்சையும் நீலமும் கலந்த களிம்பு ஓரிடத்தில் மட்டும் இருக்கட்டும். செம்பில் களிம்பு ஏறுவது சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த உவமை. பழுப்பு உலகத்தில் அந்த ஒரு பச்சைதான் கண்ணை நிறுத்தும். நிஜச் செம்பை வினிகரில் ஊறவைத்துக் களிம்பு வரவைக்கலாம், செய்தும் இருக்கிறேன். ஆனால் அது உதிரும், உடம்புக்கும் ஆகாது. கையில் வைத்துச் சுற்றப்போகும் அட்டைக்கு வேண்டாம். வெளிர்நீலப் பச்சை அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கரைத்து மூலையில் வழியவிடுங்கள்.

பழைய கைக்கடிகாரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இதில் விளையாட்டு இல்லை. எண்களிலோ முள்ளிலோ பழுப்பேறிய, இருட்டில் ஒளிரும் பூச்சு இருக்கும் பழைய கடிகாரமானால் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள். சுமார் 1960-கள் வரை அந்தப் பூச்சுக்கு ரேடியம் பயன்பட்டது. இப்போது ஒளிரவில்லை என்பது பாதுகாப்புக்கு அடையாளம் இல்லை. ஒளிரும் பொருள் தேய்ந்துபோயிருக்கும். ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருஷம் ஆகும். கண்ணால் பார்த்து இது ரேடியமா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அந்தப் பூச்சு இல்லாத கடிகாரமானால் முள்ளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மீதியைக் கடிகாரம் ரிப்பேர் செய்பவரிடமே கொடுத்துவிடலாம்.

பசைக்கு வந்துவிட்டோம். தாளோடு தாள் சேர ஃபெவிகால், மெல்லிசாக. தண்ணீர் அதிகமானால் தாள் அலையடிக்கும். சின்ன வயதில் கடையில் மைதாவைக் காய்ச்சி, பூச்சி வராமல் மயில்துத்தம் கலந்து பசை கிண்டியிருக்கிறேன். அது புத்தகத்துக்கு, உங்களுக்குத் தேவையில்லை. உலோகத்தைத் தாளில் ஒட்ட ஃபெவிகால் பிடிக்காது. ஃபெவிக்விக் பிடிக்கும், ஆனால் சுற்றிலும் வெள்ளையாகப் புகை படியும், கறுப்பு அடித்தளத்தில் அசிங்கமாகத் தெரியும். குளூ கன் சூட்டோடு உலோகத்தில் பட்டதும் சட்டென்று ஆறி, சில நாளில் கழன்று விழும். இரண்டு குழாய் கலந்து பூசும் எபாக்ஸி நிற்கும். ரெசினை ஊற்றி எல்லாவற்றையும் கண்ணாடி போல மூடும் முறையை நான் செய்து பார்த்ததில்லை, அதனால் அதைப் பற்றி யோசனை சொல்லமாட்டேன். என் கை பழகிய வழி பசையே இல்லாதது. மோட்டார் காயில் கட்டும் கடையில் மெல்லிய செம்புக் கம்பி கொஞ்சம் கேளுங்கள். அதன் மேல்பூச்சினால் அழகான செம்பழுப்பு நிறத்தில் இருக்கும். தாளில் இரண்டு துளை போட்டுக் கம்பியால் கட்டினால் ஜென்மத்துக்கும் விழாது, பார்க்கவும் இந்தப் பாணிக்கு உரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மியூனிக்கில் அசையும் படப் புத்தகங்கள் செய்த லோதர் மெகண்டோர்ஃபர், தன் காகிதப் பாகங்களின் மூட்டுகளுக்கு ரிவெட்டாக வைத்ததும் சுருட்டிய மெல்லிய செம்புக் கம்பிதான்.

எழுத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உள்ளே ஆங்கிலத்தில் அச்சிட்டு ஒட்ட வேண்டாம். அந்தக் கால அச்சு நோட்டீஸ் போல நடுவில் அணிவகுத்து, ஒரு வரி பெரிது ஒரு வரி சிறிது என்று தமிழிலேயே கையால் எழுதுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் இருந்த வடிவங்களில், ணை, லை, னை எல்லாம் யானைத் துதிக்கை போல வளைத்து எழுதினால் அந்த ஒரு வளைவே காலத்தைக் காட்டிவிடும். உங்கள் அப்பா பள்ளியில் அப்படித்தான் எழுதிப் பழகியிருப்பார்.

ஒருவேளை தபாலில் அனுப்புவதாக இருந்தால் சாதாரணக் கவரில் போடாதீர்கள். சின்ன அட்டைப்பெட்டியில் வைத்து, பெரிய சக்கரம் நீட்டும் பக்கம் காகிதம் அடைத்து, கவுண்டரில் கொடுங்கள்.

எல்லாம் முடிந்ததும், பின்பக்கம் ஒரு மூலையில் பென்சிலால் "12 – 24" என்று மட்டும் சின்னதாக எழுதிவையுங்கள். வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம். அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, பல்லை எண்ண ஆரம்பிப்பார்.